மகளுக்கு: அரிவாள் வாங்கும் முன்

அன்புள்ள தாயி,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். சிறுமலை அடிவாரத்து நிலத்தைச் சுத்தம் பண்ண வாங்கப் போவதாகச் சொன்ன கத்தியின் படத்தைப் பார்த்தேன். அது வேண்டாம். பிடி உள்ளே குழாயாக இருக்கிறது. ஓங்கி வெட்டும்போது அதிர்ச்சியெல்லாம் அலகும் பிடியும் சேரும் இடத்தில்தான் இறங்கும். அங்கே இரும்பு நிறைந்திருக்க வேண்டும். குழாய்ப்பிடி அந்த இடத்தில்தான் முறியும். முறிந்த அலகு யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது. முதுகில் வெட்டியிருக்கும் ரம்பப் பல்லாலும் ஒரு கொப்பைக்கூட ஒழுங்காக அறுக்க முடியாது.

கத்திக்கு முன்னால் நிலத்தைப் பார். உண்ணிச்செடியும் சீமைக்கருவேலும் மண்டிக் கிடக்கிறது என்றாய். உண்ணிச்செடிக் கொப்பு வளைந்து கொடுக்கும், நேர் அலகு அதைத் தள்ளிக்கொண்டுதான் போகும். மூக்கு வளைந்த அரிவாள் என்றால் கொப்பை இழுத்துப் பிடித்து அறுக்கும், முள்ளுக்குள் கையை விடவும் வேண்டாம். சீமைக்கருவேலுக்குக் கனம் வேண்டும். மணிக்கட்டுப் பருமன் வரைக்கும் அரிவாள் போதும், அதற்கு மேல் கோடாலியை எடு. வெட்டிய கட்டை திரும்பத் துளிர்க்கும், வேரோடு தோண்டினால்தான் ஒழியும். அதற்கு ஆள் வைத்துக்கொள்.

ஆக, உனக்கு வேண்டியது மூக்கு வளைந்த வெட்டரிவாள். அலகு 12 அங்குலம் போதும். நீளம் கூடினால் வீச்சு கூடும், ஆனால் புதருக்குள் அது மாட்டும், மதியத்துக்குள் தோளும் சோர்ந்துவிடும். எடை 700 கிராம் சுற்றி இருக்கட்டும். முதுகு, பிடியருகே 5 மில்லிமீட்டர் இருந்து மூக்கை நோக்கி மெலிந்து போகட்டும். ஒரு விரல் மேல் வைத்து நிறுத்திப் பார். பிடிக்கு இரண்டு மூன்று விரல் முன்னால் சமன் ஆனால், வெட்டும் வேலையில் பாதியை அரிவாளே செய்யும்.

இரும்பு விஷயத்தில்தான் நீ கவனமாக இருக்க வேண்டும். துருப்பிடிக்காது என்று மினுங்கும் அலகைப் பார்த்து மயங்காதே. சமையல் கத்தி மாதிரி கடினமாக்கிய எஃகு, கணுவில் பட்டால் பல் பல்லாக உதிரும். லாரி ஸ்பிரிங் பட்டை அப்படியில்லை, சுமையில் வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த எஃகு. அதிலும் ஒடிந்த பட்டை வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளே ஓடியிருக்கும். நல்ல கொல்லர் வெட்டும் விளிம்பான வாய்ப்பக்கத்தை மட்டும் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவார், அதுதான் தோய்ச்சல். முதுகை மெத்தென்று விடுவார். வாய் வெட்டும், முதுகு அதிர்ச்சியைத் தாங்கும். அரத்தை வாயில் லேசாக ஓட்டிப் பார். வழுக்கினால் கடினம் மிஞ்சிவிட்டது, உடையும். மாவாகக் கடித்தால் தோய்ச்சலே ஏறவில்லை. கொஞ்சமாகக் கடிக்க வேண்டும். அப்படி இருந்தால் சாணைக்காரரைத் தேட வேண்டாம், அரத்தாலேயே தோட்டத்தில் நீ தீட்டிக்கொள்ளலாம்.

நீ இடது கைக்காரி. ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டிய அரிவாள் உன் கையில் வெட்டை விட்டு விலகிப் போகும். இரண்டு பக்கமும் சமமாக, கடலைப்பருப்பின் முதுகு மாதிரி உப்பலாகத் தீட்டச் சொல். சவரக்கத்தி போல் மெலிந்த வாய், சீமைக்கருவேலில் ஒரு காலைப் பொழுது நிற்காது.

சிவகங்கைப் பக்கம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் போன ஊர், மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில்தான் இருக்கிறது. பட்டறைக்கு நீயே நேரில் போ. கையைக் காட்டி, உன் கைக்கு அடங்கும் பிடியைக் கேள். அலகின் காம்பு பிடிக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறதா, பிடியை இறுக்கும் பூண் வளையம் ஆடுகிறதா என்று பார். விலை பேசும்போது ரொம்பக் குறைக்காதே, அம்மா. உலைச் சூட்டில் நின்று அடிக்கிற வேலை.

வெட்டும்போது வீச்சு போகும் வழியில் உன் கால் இருக்கக் கூடாது. கொப்பை நேர் குறுக்கே வெட்டாமல் சாய்வாக வெட்டு. கண்ணாடி போட்டுக்கொள், முள் தெறிக்கும். மூங்கிலை நீ தொடாதே, இழுவையில் நிற்கும் கழி வெட்டியதும் எகிறும். தெரிந்த ஆள் வரட்டும். வேலை முடிந்ததும் பாலையும் பிசினையும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசி வை. விவசாயத்துக்கான அரிவாளுக்கு ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனாலும் பஸ்ஸில் வரும்போது சாக்கில் சுற்றிக் கட்டிக் கொண்டு வா. பட்டறை ரசீது கொடுத்தால் பையிலேயே வைத்துக்கொள்.

வாங்கியதும் போட்டோ அனுப்பு. முதுகுப் பக்கமிருந்து ஒன்று, வாய்ப்பக்கமிருந்து ஒன்று.

அப்பா