படம் தெரிவதற்கு முன்பே பணம் தேவைப்படுகிறது

மதிப்பிற்குரிய தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கத்தின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சேலத்து மருத்துவமனைகளில் எக்ஸ்ரே, ஸ்கேன் கருவிகளைப் பராமரித்து ஓய்வு பெற்றவன் நான். புதிய மருத்துவப் படக்கருவி ஒன்றை உருவாக்க முனையும் இளைஞர்கள் நிதி கேட்டுச் செல்லும்போது, இயங்கும் மாதிரி கையில் உள்ளதா என்பதே பெரும்பாலும் முதற்கேள்வியாக இருக்கிறது. அந்த மாதிரியைச் செய்வதற்குத்தான் அவர்கள் பணம் கேட்கிறார்கள்.

1967-இல் சி.டி. ஸ்கேனுக்கான எண்ணம் பிரிட்டன் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுக்குத் தோன்றியபோது, அவர் வேலை பார்த்த இ.எம்.ஐ. நிறுவனம் இசைத்தட்டுகளுக்குத்தான் பெயர்பெற்றிருந்தது. பழைய லேத் (கடைசல்) இயந்திரம் ஒன்றின் அடித்தளத்தின் மேல் அவர் அமைத்த சோதனைக் கருவி ஒரே ஒரு பொருளை ஸ்கேன் செய்ய 9 நாட்கள் எடுத்துக்கொண்டது. அதில் முதலில் இருந்த காமா கதிர் மூலத்தை நீக்கி எக்ஸ்ரே குழாயைப் பொருத்திய பிறகு அது 9 மணி நேரமாயிற்று. அப்படியொரு கருவியை நம் தேர்வுக் குழுவின் முன் வைத்தால் என்ன மதிப்பெண் கிடைத்திருக்குமோ! நிறுவனத்தோடு பிரிட்டன் சுகாதாரத் துறையும் சேர்ந்து செலவிட்டதால், 1971 அக்டோபர் 1 அன்று முதல் நோயாளியின் மூளை ஸ்கேன் செய்யப்பட்டது.

இன்று எனக்கு நம்பிக்கை தருவது குறைந்த காந்தப்புல எம்.ஆர்.ஐ. மருத்துவமனைகளில் உள்ள 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) கருவியின் காந்தத்தைத் திரவ ஹீலியத்தால் குளிர்விக்க வேண்டும். ஆனால், அப்படிக் குளிர்விக்கத் தேவையில்லாத 0.064 டெஸ்லா நிலைக்காந்தத்தில் இயங்கி, சாதாரண மின்செருகியில் பொருத்தக்கூடிய நடமாடும் கருவிக்கு 2020-இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. அதன் படம் துல்லியம் குறைந்ததுதான். ஆனாலும், தலையில் அடிபட்டவரை ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே கொண்டுவரும் குடும்பத்துக்கு, மலையிலேயே கிடைக்கும் மங்கலான படமும் பெரிதாகவே இருக்கும். இக்கருவியில் உடலிலிருந்து வரும் சமிக்ஞை மிகப் பலவீனமாக இருப்பதால், அதைப் பிடிக்கும் நல்ல காயில் (கம்பிச்சுருள்) கட்டுவதும், மின்இரைச்சலைக் குறைப்பதும், கணக்கீட்டால் படத்தைத் தெளிவாக்குவதுமே இதில் முக்கிய வேலை. லேத் பட்டறைகளும் பொறியியல் கல்லூரிகளும் உள்ள சேலத்தில் இதைத் தொடங்கலாம் என்பது என் துணிபு.

உயிரித்தொழில்நுட்பத் தொழில்முனைவோருக்கு உதவும் மத்திய அரசின் பைராக் (BIRAC) அமைப்பு, 'பிக்' (BIG) என்னும் தொடக்க மானியத் திட்டத்தின்கீழ் 50 லட்சம் ரூபாய் வரை 18 மாதங்களுக்கு வழங்குகிறது. நல்ல ஏற்பாடுதான், எனினும் காந்தத்தை வடிவமைத்து, ஃபேன்டம் (நோயாளிக்குப் பதிலாக வைக்கும் சோதனைப் பொருள்) வைத்துச் சோதித்து, பிழை கண்டு மறுபடி கட்டுவதற்கு அந்தக் காலம் போதாது என்று கருதுகிறேன். ஆகவே, மாதிரி இல்லாதவர்களும் விண்ணப்பிக்கும் வகையில் 3 ஆண்டு நிதி ஒன்றைத் தாங்கள் ஏற்படுத்த வேண்டும். ஆண்டுதோறும் விற்பனைக் கணக்குக்குப் பதில் அளவீட்டுக் குறிப்பேடுகளைக் கேளுங்கள். தோற்ற முயற்சியின் குறிப்பேடு அடுத்தவருக்குப் பயன்படும்படி அதைப் பொதுவில் வையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, வாரத்தில் சில மணி நேரமாவது இக்குழுக்களுக்கு ஒதுக்க வழிசெய்யுங்கள். தேர்வுக் குழுவில் முதலீட்டாளர்களோடு, நாள்தோறும் இக்கருவிகளை இயக்கும் நுண்கதிர் நுட்புநர் ஒருவரையும் அமர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவிப் பராமரிப்புப் பொறியாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.