மூச்சு வாங்காமல் ஓடு

அன்பு மகனுக்கு,

மூன்று வாரம் ஓடியும் எடை குறையவில்லை, அரைக் கிலோ கூடத்தான் செய்திருக்கிறது என்று நேற்று போனில் அலுத்துக்கொண்டாய். போனில் பதில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

கூடியது கொழுப்பு இல்லை. பழக்கமில்லாத ஓட்டத்தில் தசைகள் நொந்துபோகும், அவற்றை ஆற்றுவதற்கு உடம்பு தண்ணீரைத் தேக்கிவைக்கும். மெஷின் அதையும் சேர்த்துத்தான் காட்டுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார். ஒரு கிலோமீட்டர் ஓடினால், உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1 கலோரி செலவாகும். நீ 84 கிலோ. ஒவ்வொரு முறையும் நீ ஓடும் 5 கிலோமீட்டருக்கு 420. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிறாய் அல்லவா, இதுவரை ஒன்பது ஓட்டம். கரைந்திருந்தால் அரைக் கிலோ. அதைத் தண்ணீர் மறைத்துவிட்டது, அவ்வளவுதான். சாப்பாடு கூடியிருந்தால் அந்த அரைக் கிலோவும் இல்லை! நான் ஓடிய காலத்தில் "இன்றுதான் ஓடினேனே" என்று சொல்லிச் சொல்லியே தட்டை நிரப்பிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் எனக்கு எடை ஏறியது. உன் அம்மா அதை இன்னும் மறக்கவில்லை.

எனக்குப் பயம் உன் வேகத்தைப் பற்றித்தான். வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் ஒரே தூர ஓட்டத்துக்கு ஆகும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு ஏன் நாக்குத் தள்ள ஓடுகிறாய்? மூச்சும் தசையும் சில வாரத்தில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு காலில் இறங்குகிறது. இது தெரியாமல் நான் தினமும் ஓடி, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலித்து, ஆறு வாரம் உட்கார்ந்துவிட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடு. முடியாதபோது நட, அப்புறம் ஓடு. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எடையை வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். இடுப்பையும் அளந்து வை. சில சமயம் எடைக்கு முன்னால் அதுதான் குறையும்.

ஞாயிற்றுக்கிழமை ஓடும்போது என்னைக் கூப்பிடு. மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று நானே கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா