நோ டியூ கையெழுத்துக்கு வந்த பெண்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கை நேரம் என்பதால் எந்தப் பாடம் எடுத்தால் நல்லது என்று உங்கள் இதழில் தொடர்ந்து எழுதி வருகிறீர்கள். தேவையான விஷயம்தான். ஆனால் சேர்ந்த பிறகு அந்த மூன்று வருடத்தை என்ன செய்வது என்று பிள்ளைகளிடம் யாருமே உட்கார்ந்து பேசுவதில்லை. மதுரைப் பக்கம் ஓர் அரசு கலைக் கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

கடைசித் தேர்வு முடிந்து டி.சி. வாங்க வேண்டுமென்றால், பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூ படிவத்தில் துறை, ஆய்வகம், நூலகம் என்று ஒவ்வோர் இடமாகப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த ஒரு வாரம் எங்கள் வாசலில் கூட்டம் நெரியும். நிறைய பேர் அன்றுதான் முதல் தடவையாக நூலகத்துக்குள் கால் வைப்பார்கள். முதலாண்டில் கொடுத்த அட்டை மடிப்புக்கூடக் கலையாமல் திரும்பி வரும்.

அப்படி ஒரு நாள் பி.ஏ. வரலாறு முடித்த ஒரு பெண் வந்தது. வரிசை நீளம், அதனால் அலமாரி ஓரமாக நின்று புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு புத்தகத்தை விரித்தபடியே என் மேஜைக்கு ஓடி வந்து, "சார், இது எங்க ஊரு மலை சார்!" என்றது. கீழவளவு மலையின் படம். சமணர் படுக்கைகளுக்கு மேலே பாறையில் வெட்டிய தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து, இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தையது. சின்ன வயதில் ஆடு மேய்க்க அந்தப் பாறைக்குத்தான் போவார்களாம், எழுத்து இருக்கிறது என்று தெரியும், என்ன எழுத்து என்று சொல்ல ஆள் இல்லை. "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா சார்?" என்று கேட்டது. அட்டையை அப்போதுதான் ரத்து செய்திருந்தேன். இங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போம்மா என்றேன். படிவத்தின் பின்பக்கத்திலேயே அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டு, பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்து போனது. மூன்று வருடமாக அந்தப் புத்தகம் அதே அலமாரியில்தான் இருந்தது. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். காலை ஷிப்ட் மதியம் முடிந்ததும் நேராக ஜவுளிக் கடைக்கோ பெட்ரோல் பங்குக்கோ வேலைக்கு ஓடுகிறவர்கள் பாதிப் பேர், ஞாயிற்றுக்கிழமை கேட்டரிங். நாங்களும் ஒழுங்கில்லை. ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த அரை மணி நேரம்தான் அவர்களுக்குக் கிடைக்கும், சரியாக அப்போதுதான் நாங்கள் நூலகத்தைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவோம். அந்தப் பெண் வந்துபோன பிறகுதான் முறை வைத்துச் சாப்பிட ஆரம்பித்தோம்.

இன்னொன்று ஆசிரியர்கள். ஸ்டாஃப் ரூம் என்றாலே நம் பிள்ளைகளுக்குப் பயம், வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்களுக்கு ரொம்பவே பயம். தைரியமாகப் போய் நில்லுங்கள், தம்பி. ஒரு கணிதப் பையன் சந்தேகம் கேட்கப் போய் நின்றான், அந்தப் பேராசிரியர்தான் ஜாம் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதை எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம் என்று சொன்னார். அதுவரை ஐ.ஐ.டி. என்றால் இன்ஜினியரிங் மட்டும்தான் என்று நினைத்திருந்தானாம். முதல் தடவை கிடைக்கவில்லை, மறு வருடம் எழுதிச் சேர்ந்துவிட்டான். அந்தத் தேர்வு பிப்ரவரியில் நடக்கும், மூன்றாம் ஆண்டு செப்டம்பர், அக்டோபரிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். மே மாதம் நோ டியூ வாங்க வரும்போது தெரிந்து என்ன பயன்?

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வும் அப்படித்தான். அதற்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும், பட்டம் வாங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடங்களைப் போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம், தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம். பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், முதல் இரண்டு வாரம் திணறும், அப்புறம் காது பழகிவிடும். நாட்டு நலப்பணித் திட்டமான என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தால் ஏழு நாள் முகாமில் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்குவீர்கள், மேடையில் பேசக் கூசும் பிள்ளைகள் அங்கேதான் வாய் திறந்து பேசி நான் பார்த்திருக்கிறேன். மதுரைப் பிள்ளைகளுக்கு 2023-லிருந்து கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது, நத்தம் சாலையில், ஏ.சி. போட்டு, உட்கார்ந்து படிக்க இடத்தோடு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அரியர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த மாதம் என்ன புத்தகம் எடுத்தாய் என்றும் கேளுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் கேட்கலாம், பிள்ளை கதையாகச் சொல்லும்.

கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். முதலாண்டு வகுப்பு தொடங்கும் வாரத்திலேயே ஒவ்வொரு வகுப்பையும் நூலகத்துக்குக் கூட்டி வாருங்கள். சும்மா சுற்றிக் காட்டி அனுப்ப வேண்டாம். அவரவர் ஊரைப் பற்றி ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று தேடச் சொல்லி, கிடைத்ததை அன்றைக்கே அட்டையில் பதிந்து கையில் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
மதுரை.