வலைக் கழிவிலிருந்து எண்ணெய்: தூய்மைப்படுத்தும் கட்டத்தை மறக்கலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி, மூக்கையூர் இறங்குதளங்களில் சேரும் கிழிந்த வலைகளையும் பிளாஸ்டிக் கழிவுகளையும் எண்ணெயாக மாற்றி விற்கலாம் என்ற யோசனை நம் கடற்கரையில் இப்போது ஆர்வத்தோடு பேசப்படுகிறது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் கைவிடப்பட்ட வலைகள் சிக்கிச் சேதம் விளைவிப்பதை எண்ணும்போது இந்த யோசனையை மனமார வரவேற்கிறேன். ஆனால் எண்ணெய் வடிந்ததுமே வேலை முடிந்துவிடுவதாக நினைத்தால் திட்டம் பாதியில் நின்றுபோகும் என்பதை, பெட்ரோ கெமிக்கல் ஆலையில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிளாஸ்டிக்கைக் காற்றில்லாமல் சூடாக்கிப் பெறும் எண்ணெய் மறுபடியும் பிளாஸ்டிக் ஆக வேண்டுமானால், ஹால்டியா, பானிபட் போன்ற ஊர்களில் உள்ள நீராவி கிராக்கர் ஆலைகளுக்கு அது நாப்தாவோடு (கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் இலகுவான திரவம்) கலந்து செல்ல வேண்டும். அங்கே எண்ணெய் ஆவியும் நீராவியும் உலையின் குழாய்ச்சுருளில் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் 800 டிகிரி செல்சியஸைக் கடக்கின்றன. அந்த வெப்பத்தில் எண்ணெய் எத்திலீனாகவும் புரொப்பிலீனாகவும் உடைகிறது. எளிதில் ஆவியாகாத கனமான வளையச் சேர்மங்கள் (கார்பன் அணுக்கள் வளையமாகப் பிணைந்தவை) எண்ணெயில் இருந்தால், அவை முன்சூடேற்றும் பகுதியிலேயே, கிண்டாமல் விட்ட பால் அடிப்பிடிப்பதைப் போலக் குழாய்ச் சுவரில் கரியாகப் படிகின்றன. உலைக்கு அப்பால் வாயுவைக் குளிர்விக்கும் வெப்பப் பரிமாற்றியும் அடைபடத் தொடங்குகிறது. படிவு தடிக்கத் தடிக்க எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. இறுதியில் எண்ணெயை நிறுத்தி, நீராவியும் காற்றும் செலுத்திக் கரியை எரித்து அகற்ற வேண்டியிருக்கிறது. தூய நாப்தாவிலேயே இந்த வேலை அவ்வப்போது தேவைப்படும் என்றால், அழுக்கு எண்ணெயில் எவ்வளவு விரைவில் தேவைப்படும் என்பதை எந்த உலை இயக்குநரும் சொல்லுவார். கரிப்படிவோடு, கருவிகளை அரித்துக் கெடுக்கும் மாசுகளும் உண்டு என்பதால் ஆலைகள் குளோரினைப் பத்து லட்சத்தில் சில பங்குக்கு மேலும், சோடியத்தை அதைவிடவும் மிகக் குறைந்த அளவுக்கு மேலும் ஏற்பதில்லை.

இந்த இடத்தில்தான் கவர்பொருள்கள், அதாவது மாசுகளைத் தம் பரப்பில் பற்றிக்கொள்ளும் பொருள்கள், உதவுகின்றன. வடிகட்டி மிதக்கும் துகள்களை மட்டுமே பிடிக்கும். கரைந்திருப்பவற்றைப் பிடிக்க, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் உட்பரப்பு கொண்ட செயலூட்டிய கரியோ, வெளுப்புக் களிமண்ணோ, சிலிக்கா ஜெல்லோ, அலுமினாவோ நிரப்பிய கலங்களின் வழியே எண்ணெயைச் செலுத்த வேண்டும். கரி, கனமான வளையச் சேர்மங்களையும் நிறப்பொருள்களையும் பற்றிக்கொள்கிறது. அமிலத் தன்மையுள்ள களிமண், நைட்ரஜன் சேர்மங்களைக் கவர்கிறது. ஒரு கலம் நிறைந்ததும் எண்ணெய் மற்றொன்றுக்குத் திருப்பப்படுகிறது. ஹைட்ரஜன் கொண்டு சுத்திகரிப்பது இதைவிட ஆழமானது. ஆனால் அதற்கு உயர் அழுத்தக் கருவிகளும் விலையுயர்ந்த வினையூக்கியும் வேண்டும், எண்ணெயில் சிலிக்கான் கலந்திருந்தால் அந்த வினையூக்கியும் கெட்டுவிடும். ஆகவே அந்த வழியைத் தேர்ந்தாலும் முன்னால் ஒரு கவர்பொருள் கலம் காவலாக நிற்பது நல்லது.

ஆயினும் கவர்பொருளின் கொள்ளளவுக்கு எல்லை உண்டு. நம் கடற்கரைக் கழிவு அந்த எல்லையை விரைவில் எட்டச் செய்யும் தன்மையுடையது. தங்கூசி வலைகள் நைலானால் ஆனவை. அவற்றை எண்ணெயாக்கினால் நைட்ரஜன் சேர்மங்கள் நிறைந்து களிமண் கலம் சீக்கிரம் செயலிழக்கும். நைலானை நைலானாகவே மறுசுழற்சி செய்ய வழி இருக்கும்போது அதை எண்ணெயாக்கும் கலனில் போடுவது எனக்குப் பெரும் வீணாகவே தோன்றுகிறது. விசைப்படகுகளின் மடி வலைகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன். கயிறுகளில் பல பாலிபுரொப்பிலீன். எண்ணெய்க்கு ஏற்றவை இவையே. மீன் பெட்டிகளின் தெர்மாகோல் ஸ்டைரீனாக உடையும்; அதன் எண்ணெய் பிசுபிசுத்துக் கரிப்படிவைக் கூட்டும். பிவிசி எடையில் பாதிக்கும் மேல் குளோரின். ஒரு சிறு துண்டுகூடக் கலக்கக் கூடாது.

கடல் உப்பு தனிச் சிக்கல். அதன் பெரும்பகுதி எண்ணெயாக்கும் கலனில் மிஞ்சும் கரியிலேயே தங்கிவிடும் என்றாலும், ஆவியோடு தெறித்துச் செல்லும் சிறு பங்கே சோடியம் வரம்பை மீறப் போதும். வலைகளைக் கழுவ வேண்டும். ஆனால் காவிரிக் கூட்டுக் குடிநீரை நம்பி வாழும் இம்மாவட்டத்தில் அதற்குக் குடிநீரைச் செலவிட எவரும் ஒப்பமாட்டார்கள். உலர்த்தி உதறிச் சல்லடையில் சலித்த பிறகு, மீதி உப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நீரில் கழுவுவதே இங்கே நியாயமான வழி.

மாவட்ட நிர்வாகமும் மீன்வளத் துறையும் இத்தகைய திட்டத்துக்கு இடமோ மானியமோ தருமுன், வடியும் எண்ணெயின் குளோரின், நைட்ரஜன், சோடியம், சிலிக்கான் பகுப்பாய்வு அறிக்கையைக் கேட்டுப் பெறுமாறு வேண்டுகிறேன். தங்கூசி வலை, மடி வலை, கயிறு, தெர்மாகோல் ஆகியவற்றுக்கு இறங்குதளத்திலேயே தனித்தனி இடம் ஒதுக்கி, பிரிக்கும் வேலையை வலை பின்னுவோருக்கு உரிய கூலியோடு தரலாம். கையில் எடுத்தவுடனேயே இழையை அடையாளம் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். எண்ணெய் ஊறிய பழைய கரியையும் களிமண்ணையும் கடற்கரையிலோ உப்பளத்தின் ஓரத்திலோ கொட்டவிடாமல், அபாயகரக் கழிவுகளுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அப்புறப்படுத்தும் பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வேதிப் பொறியாளர்,
மண்டபம்.