பச்சை குத்தியிருந்த பெயர்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் தானம் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். மருத்துவ மாணவர்களுக்கு மனித உடல் ஏன் இன்றியமையாதது என்பதைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருக்கிறார். ஆனால் கூறாய்வு மேசைக்கு வரும் அனைவரையும் ‘உடலைத் தந்தவர்கள்’ என்று அவர் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் யாருடைய உடலில் படித்தேனோ, அவர் அதை யாருக்கும் தரவில்லை.

மருத்துவக் கல்லூரி முதலாண்டில் எங்கள் மேசைக்கு வந்தது உரிமை கோர ஆளில்லாத ஓர் உடல். முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். உடல் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஃபார்மலின் நெடியில் எல்லாருடைய கண்ணிலும் நீர் வழிந்ததால் யார் அழுதார்கள், யார் அழவில்லை என்று தெரியாமலே போயிற்று. வலது முன்கையின் உட்புறத்தில் அவர் ஒரு பெயரைப் பச்சை குத்தியிருந்தார். தம்முடைய பெயரோ, நெஞ்சில் வைத்திருந்த வேறொருவரின் பெயரோ, தெரியாது. கையேட்டில் இருந்தபடி தோலைக் கீறி விலக்கினோம். பெயரும் தோலோடு போயிற்று. சில நாட்களில் அந்தத் தோல், எல்லா மேசைகளுக்கும் பொதுவாக வைத்திருந்த வாளியில் விழுந்தது. ஒரு பெயரைச் சாகும்வரை கையில் சுமந்தவர், பதிவேட்டில் யாருமற்றவராக இருந்தார். போதாததற்கு நாங்கள் அவருக்கு ஒரு கேலிப் பெயர் வைத்திருந்தோம். பயத்தை மறைக்கத்தான் அப்படிச் செய்தோம் என்று இன்று புரிகிறது. புரிந்ததால் வருத்தம் குறைந்துவிடவில்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அந்தக் கைதான். மேற்கையில் இறங்கும் தமனி முழங்கைக்கு முன்புறம் வந்துதான் இரண்டாகப் பிரியும் என்று படித்திருந்தோம். அவருக்கோ அந்த இரண்டு கிளைகளில் ஒன்றான அல்நார் தமனி மேற்கையிலேயே பிரிந்து, முன்கைத் தசைகளுக்கு மேலாக, தோலை ஒட்டி ஓடியது. சிலருக்கு இப்படி அமைவதுண்டு. எங்கள் ஆசிரியர் மற்ற மேசைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். இதைச் சிரை என்று நினைத்து மருந்தை ஏற்றினால் விரல்களே அழுகிப்போகலாம் என்றார். அன்று தொடங்கி, முழங்கை மடிப்பில் ஊசி போடும் முன் விரலை வைத்து நாடி துடிக்கிறதா என்று பார்க்காமல் நான் ஊசியை எடுத்ததில்லை. பாடநூல் படங்கள் பெரும்பாலோருக்கு உள்ள அமைப்பையே காட்டுகின்றன. அவற்றை மட்டும் பார்த்துப் படித்திருந்தால் இந்தப் பழக்கம் எனக்கு வந்திருக்காது. ஆகவே கூறாய்வு வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அவரை யார் கேட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

‘உரிமை கோரப்படாத உடல்’ என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பிரிட்டனில் 1752ஆம் ஆண்டுச் சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடலை அறுத்துப் படிக்கக் கொடுத்தது. சாவுக்கு மேல் ஒரு தண்டனையாக. அந்த உடல்கள் போதவில்லை. கல்லறைகளைத் தோண்டித் திருடினார்கள். எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 1828இல் 16 பேரைக் கொன்று, உடல்களை உடற்கூறியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்றார்கள். இதற்கெல்லாம் முடிவுகட்ட 1832இல் வந்த சட்டம், ஏழைகள் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, கேட்க ஆளில்லாமல் கிடந்தவர்களின் பக்கம் திரும்பியது. கொலைகாரனுக்குத் தண்டனையாக இருந்தது, எண்பதே ஆண்டுகளில் ஏழைக்கு விதியாயிற்று. அடக்கம் செய்யப் பணமில்லாமல் விலகிப்போன உறவினர்களும், செய்தியே போய்ச் சேராத உறவினர்களும் ‘உரிமை கோராதவர்’ கணக்கில்தான் வருகிறார்கள்.

வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னவரையும் விடவில்லை. ஏழரை அடி உயரம் வளர்ந்த சார்லஸ் பிர்ன், அறுவையாளர் கையில் சிக்கக் கூடாது என்பதற்காகவே தம்மைக் கடலில் அடக்கம் செய்யச் சொல்லி, 1783இல் லண்டனில் இறந்தார். ஜான் ஹன்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் உடலைக் கைப்பற்றினார். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த எலும்புக்கூடு அருங்காட்சியகத்தில் நின்றது. 2023இல் காட்சியிலிருந்து எடுத்தார்கள்; அப்போதும் கடலுக்கு அனுப்பவில்லை, ஆராய்ச்சிக்கென்று வைத்துக்கொண்டார்கள்.

இறந்தவருக்கு என்ன தெரியப்போகிறது என்று என் நண்பர்கள் சிலரே கேட்கிறார்கள். இறந்தவரின் வீட்டுக்கும் நிலத்துக்கும் அவர் எழுதிய உயிலை மதிக்கிறோம். உடம்பு மட்டும் அவருடையது இல்லையா?

உடற்கூறியல் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு, சம்மதத்துடன் தானமாக வந்த உடல்களையே பயன்படுத்த வேண்டும் என்று 2012இல் பரிந்துரைத்தது. தாய்லாந்தில் மாணவர்கள் அந்த உடலை ‘பெரிய ஆசிரியர்’ என்று அழைக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் மரியாதையோடு தகனம் செய்கிறார்கள். ஒருவருடைய உடலிலிருந்து எடுத்த எதுவும் இன்னொருவருடையதோடு கலக்காமல், மேசைக்கு ஒரு கலன் வைத்துப் பாதுகாத்து, கடைசியில் முழுதாக அடக்கம் செய்யும் கல்லூரிகள் இருக்கின்றன. இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. எங்கள் வாளியை நினைக்கும்போதெல்லாம் அதுதான் மனதை அறுக்கிறது.

தானமாக வரும் உடல்கள் போதுமான அளவுக்குப் பெருகும்வரை, உரிமை கோரப்படாதவர்களைக் கல்லூரிகள் விட்டுவிடமாட்டா என்பது எனக்குத் தெரியும். அதுவரை முதல் நாளே, கத்தியைக் கையில் கொடுப்பதற்கு முன், “இவர் சம்மதித்து வந்தவர்”, “இவரை யாரும் கேட்கவில்லை” என்று அந்தந்த மேசை மாணவர்களிடம் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். எங்களிடம் ஒருவராவது சொல்லியிருந்தால், அந்தக் கேலிப் பெயரை வைக்க எங்களுக்கு நா எழுந்திருக்காது என்று நம்புகிறேன்.

கட்டுரையாளர் இதன் தொடர்ச்சியை எழுதுவதானால், ‘தந்தவர்கள்’, ‘எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள்’ என்று பிரித்தே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர்