சமந்தாவுக்கு எத்தனை புருஷன்? நிகழ்ச்சிப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிகழ்ச்சிப் பிரிவினருக்கு வணக்கம்.

ஞாயிறு பகலில் உங்கள் டிவி அலைவரிசையில் நீங்கள் போடும் 'பிவிட்ச்ட்' பற்றித்தான் எழுதுகிறேன், சமந்தா என்ற சூனியக்காரி சாதாரண மனிதன் ஒருவனைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தும் அந்தப் பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர். அத்தியாயங்களை வரிசை மாற்றிப் போடுகிறீர்கள் என்று மலையகத்தின் ஹட்டன், டிக்கோயா பக்கமிருந்து முறைப்பாடு வந்திருப்பது உங்களுக்குத் தெரியும், பதில்தான் வரவில்லை. போன ஞாயிறு ஒரு அத்தியாயத்தில் சமந்தாவின் மகள் தபித்தா வீடெல்லாம் ஓடித் திரிந்து மந்திரம் போடுகிறாள், விளம்பரம் முடிந்து அடுத்ததைப் பார்த்தால் சமந்தா அதே தபித்தாவை வயிற்றில் சுமந்துகொண்டு நிற்கிறாள்!

இந்தத் தொடரின் குளறுபடிகள் எங்களுக்குப் புதிதல்ல. 1964 முதல் 1972 வரை 254 அத்தியாயங்கள் ஓடிய தொடர். புருஷன் டேரனாக நடித்த டிக் யோர்க் முதுகுவலி தாங்காமல் 1969இல் விலகினார், அந்த இடத்துக்கு டிக் சார்ஜென்ட் வந்தார், வீட்டில் ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. மருமகன் பெயரை ஒரு நாளும் ஒழுங்காகச் சொல்லாத சமந்தாவின் அம்மா எண்டோராகூட, ஆள் மாறியதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஜன்னல் வழியே எந்நேரமும் வேவு பார்க்கும் பக்கத்து வீட்டு கிளாடிஸாவது கண்டுபிடிப்பாள் என்றால், அவளாக நடித்த அலிஸ் பியர்ஸ் 1966இல் இறந்தபின் அவளே நடிகை சாண்ட்ரா கூல்டாக மாறிவிட்டாள். இதையெல்லாம் தோண்டித் தோண்டிப் பேசுவதில்தான் எங்களுக்குப் பாதிச் சந்தோஷம். ஆனால் தொடரில் ஒரு தரம் மாறிய டேரன் உங்கள் கையில் வாராவாரம் மாறுகிறார்.

என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வாரம் முழுக்க மலையில் கொழுந்து எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைதான் டிவி முன்னால் உட்காருவார், முகங்களைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொள்வார். புது டேரன் வந்தபோது "பழைய புருஷன் செத்துப் போயிட்டானா?" என்றார், இல்லை, நடிகர்தான் மாறிவிட்டார் என்று விளக்கினேன். அடுத்த வாரம் பழையவர் திரும்பி வந்தார். அதற்கடுத்த வாரம் எல்லாமே கறுப்பு வெள்ளை. முதல் இரண்டு பருவங்களும் அப்படித்தான் எடுக்கப்பட்டவை என்று நான் சொல்லி முடிப்பதற்குள், டிவியில்தான் கோளாறு என்று அண்ணன் கொட்டும் மழையில் தகரக் கூரையில் ஏறி டிஷ்ஷைத் திருப்பத் தொடங்கிவிட்டார். "இப்ப கலர் வருதா?" என்று மேலேயிருந்து ஒரே சத்தம். அதன்பிறகு அரை மணித்தியாலம் எந்த அலைவரிசையும் வரவில்லை.

தயவுசெய்து அத்தியாயங்களை வரிசைப்படி போடுங்கள். இதற்கு மேலதிகச் செலவு ஏதும் வருமா? மாலை நாடகத்தில் மாமியார் முறைத்த முறைப்பை மறுநாள் அதே இடத்தில் விட்டுத் தொடங்க உங்களுக்குத் தெரிகிறதே. சரி, வரிசையை விடுங்கள், எங்களை நேயர்களாகவாவது நினைக்கிறீர்களா? மண்சரிவு வந்தால்தான் மலையகம் உங்கள் திரையில் வருகிறது, அதிலும் ஊர்ப் பெயர் எழுத்துப் பிழையோடு. மாதாமாதம் டிஷ்ஷுக்குக் கட்டும் காசை மட்டும் பிழையில்லாமல் எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது இவ்வளவுதான்: அடுத்த ஞாயிறிலிருந்து முதல் பருவம், முதல் அத்தியாயம் என்று வரிசையாகப் போடுங்கள். அது முடியாதென்றால் திரையின் மூலையில் பருவ எண்ணையாவது காட்டுங்கள், எந்த டேரன் வருவார் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு நேயர்