வடிவுக்கு, கல்லிடைக்குறிச்சியில் இருந்து

கல்லிடைக்குறிச்சி
ஆனி மாதம்

ஏட்டி வடிவு,

உன் கடுதாசி வந்து சேந்துட்டு. வாட்ஸ்அப் இருக்கும்போது இதென்ன கூத்துன்னு எங்கூட்டுல அவுக சிரிச்சாவ. சிரிக்கட்டும். இந்தச் சங்கதியெல்லாம் போன்ல தட்டி அனுப்ப எனக்கு விரல் வராது.

மூத்தவ சித்தா படிக்கப் பாளையங்கோட்டை கேக்கான்னு எழுதியிருந்த. நல்ல யோசனைட்டி. 1964-ல இருந்து நடக்குற அரசுக் கல்லூரி, பழைய பேரு இருக்கு. இடம் கிடைச்சிட்டுன்னா சனி ஞாயிறு இங்க வரச் சொல்லு. செங்கோட்டை பாசஞ்சர்ல ஏறினா நம்ம ஸ்டேஷன்லயே இறங்கிக்கலாம். சாராள் டக்கர் காலேஜ்ல நாம படிக்கும்போது ஹாஸ்டல் சாம்பாருக்குப் பயந்து ஊருக்கு ஓடி வந்தது ஞாபகம் இருக்குல்லா? அவளுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். அப்பாவுக்கு முட்டு ஆபரேஷன் முடிஞ்சதும் நல்லதாப் போச்சு. பைய நடக்கச் சொல்லு, அவசரப்படுற ஆளு.

குழந்தைக்குப் பாக்குற வைத்தியம் எதுவரைக்கும் வந்திருக்குன்னு நீ கேட்டதுக்கு இனி வாரேன்.

தை மாசம் நடந்ததைப் போன்ல பாதிதான் சொன்னேன். ஒம்பதாவது வாரத்து ஸ்கேன்ல கருவுக்குத் துடிப்பு இல்ல. 2023 டிசம்பர்ல ஆத்துல வெள்ளம் வந்தப்போ ரோடெல்லாம் முங்கிக் கெடக்க, முந்தின கரு வீட்டுலயே போச்சே, அதை விட இது மோசம்னு சொல்ல மாட்டேன். இந்த மட்டம் ஆஸ்பத்திரிக்காவது போக முடிஞ்சுது. டாக்டரம்மா சதையை டெஸ்டுக்கு அனுப்பச் சொன்னாவ. பதினாறாவது குரோமோசோம் ரெண்டு இருக்க வேண்டிய இடத்துல மூணு இருந்துச்சாம். தானா கலையுற கருவுல அடிக்கடி பாக்குறது இதுதான்னு சொன்னாவ. அந்தச் சீட்டைப் படிச்ச அன்னைக்குத்தான் நான் ஒழுங்கா தூங்கினேன். ஸ்கூட்டர் ஓட்டினதால, பப்பாளி தின்னதால, குடம் தூக்கினதாலன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிக்கிட்டு இருந்தாவல்லா? எதுவும் இல்ல. கரு உருவாகும்போதே அது அப்படித்தான் இருந்திருக்கு.

நடுவுல ஒண்ணு சொல்லிடுதேன், உன் ஆபீஸ்ல யாருக்காவது உதவும். கரு கலைஞ்சா ஆறு வாரம் சம்பளத்தோட லீவு உண்டு, 1961-ஆம் வருசத்துப் பேறுகாலச் சட்டத்துல இருந்தே இருக்கு. எங்க மில் ஆபீஸ்ல அப்படி ஒண்ணு இருக்கிறதே யாருக்கும் தெரியல. நானே எடுத்துக் காட்டித்தான் வாங்கினேன். கணக்குப் பாக்குறவளா இருந்ததுல இந்த ஒரு லாபம்.

பங்குனிக்குப் பொறவு திருநெல்வேலியில ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்துக்குப் போனோம். பேரு வேண்டாம். ஏசி, மெத்தை நாற்காலி, சுவர் முழுக்க குழந்தைப் படம். வெற்றி நூத்துக்கு எழுபதுன்னு பெருசா எழுதிப் போட்டிருந்தான். கவுன்சிலர் பிள்ளை ஒண்ணு, சின்னப் பொண்ணு, பேக்கேஜ் அட்டையை நீட்டி, இந்த வாரமே பணம் கட்டினா தள்ளுபடின்னா. புடவைக் கடையில கூட இவ்வளவு அவசரம் கிடையாது. நான் கேட்டேன்: இந்த எழுபது எந்த வயசுக்காரங்க? ரத்தத்துல பாசிட்டிவ் வந்தா அதுவும் வெற்றியா, குழந்தையைக் கையில வாங்கிட்டுப் போனாத்தான் வெற்றியா? அவ உள்ள போய்க் கேட்டு வந்து, பாசிட்டிவ் வந்ததுதான் மேடம்னா. பாசிட்டிவ் எனக்கும்தான் வந்துதே. அந்தப் போர்டு கணக்குல பாத்தா நானும் ஜெயிச்சவதான்.

வடிவு, எனக்கு விசயம் பிடிபட்டதே அங்கனதான். கரு பிடிக்கறதுல எனக்குக் குறையே இல்ல. தங்கத்தான் மாட்டேங்குது. ஐவிஎஃப் செய்யுறது முட்டையை வெளிய எடுத்து, விந்தோட சேத்து, கருவாக்கி உள்ள வைக்குற வேலை. குழாய் அடைச்சிருக்கவங்களுக்கும், ஆம்பளைப் பக்கம் எண்ணிக்கை குறைஞ்சவங்களுக்கும் அது பெரிய வரப்பிரசாதம். 43 வயசு முட்டையை அது 30 வயசு முட்டையா ஆக்காது.

உள்ள இருந்த பெரிய டாக்டரம்மா நேரா பேசினாவ, அதைச் சொல்லணும். என் ஏஎம்எச் குறைவு. அந்த டெஸ்டு எத்தனை முட்டை மிச்சம்னு மட்டுந்தான் காட்டும், தரத்தைக் காட்டாது. சொந்த முட்டையில என் வயசுக்கு ஒரு மட்டம் செஞ்சா, நூறு பேருல அஞ்சு பேரு குழந்தையோட வீட்டுக்குப் போனாலே அதிகம்னு சொன்னாவ. கருவை அஞ்சு நாள் வளத்து, அதுல இருந்து நாலஞ்சு செல்லைக் கிள்ளி எடுத்துக் குரோமோசோம் சரியா இருக்கான்னு பாத்துட்டு வைக்கலாமாமே, செய்வோமான்னு கேட்டேன். செய்யலாம், ஆனா அது முறத்துல புடைக்குற மாதிரி, பதரை ஒதுக்கும், பதரை நெல்லாக்காதுன்னாவ. அம்பாசமுத்திரத்துக்காரியாத்தான் இருக்கணும். உன்னை மாதிரி ஆளுக்கு நாலு முட்டை கிடைச்சு, ரெண்டு கருவாகி, டெஸ்டு பண்ணின பொறவு வைக்க ஒண்ணும் இல்லாமப் போறதும் நடக்கும், அதுக்கும் துட்டு கட்டத்தான் வேணும்னாவ. ஒரு நல்லது, கோளாறான கருவை உள்ள வச்சுப் பொறவு அது கலையுற வேதனை கொஞ்சம் குறையும். எனக்கு அதுவே பெருசா தெரிஞ்சுது.

துட்டு விவரம் கேப்ப. ஒரு சுத்துக்கு ரெண்டு லட்சம்னு ஆரம்பிக்கான். ஊசி தனி. மாதவிலக்கு ரெண்டாம் மூணாம் நாள்ல ஆரம்பிச்சுப் பத்துப் பன்னிரண்டு நாள் தினம் போடணும், வயசானவளுக்கு டோஸ் கூட. கரு டெஸ்டு ஒவ்வொண்ணுக்கும் தனிக் காசு, உறைய வைக்க வருசச் சந்தா தனி. இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிட்டான். கன்னடியன் கால் பாசனத்துல இருக்க வயலை வித்துருவோமான்னாவ அவுக. அவுக அப்பா காலத்து வயல். நூத்துக்கு அஞ்சுக்கு அதை விக்க நான் சம்மதிக்க மாட்டேன். இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. ஆக, சொந்த முட்டையில வைத்தியம் இல்ல. அது முடிஞ்சிட்டு.

முடியாம கெடக்குறது தான முட்டை, அதாவது வேற ஒருத்தி தானமாத் தார முட்டை. அங்க கணக்கே வேற. முட்டை குடுக்குறவ வயசுதான் செல்லும், வாங்குறவ வயசு இல்ல. கருப்பைக்கு இன்னும் தெம்பு இருக்குன்னு டாக்டரம்மாவே சொல்லுதாவ. 2021 கருத்தரிப்புச் சட்டப்படி 50 வயசுக்குள்ள இருக்க பொம்பளைக்குச் செய்யலாம். குடுக்குறவ 23-ல இருந்து 35-க்குள்ள இருக்கணும், ஆயுசுல ஒரே ஒரு மட்டந்தான் குடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல எடுக்கக் கூடாது. என் தங்கச்சி, நான் தாரேன்க்கான்னு அழுதா. அவளுக்கு 38. அவ நினைச்சாலும் சட்டப்படி குடுக்க முடியாது.

தான முட்டை விசயத்தை அவுககிட்ட எடுத்துச் சொன்னேன். நான் என்ன எதிர்பாத்தேன்னு உனக்கே தெரியும். எந்த ஆம்பளையும், ‘என் ரத்தம் இருக்குல்லா, போதும்’னுதான் சொல்லுவான். இவுக நாலு நாள் பேசல. மோட்டார் காயில் கட்டிக்கிட்டு இருக்கும்போது தலை நிமிராமலே சொன்னாவ: “என் ஜாடை மட்டும் இருந்து உன் ஜாடை இல்லாத பிள்ளை எனக்கு வேண்டாம். ரெண்டு பேர் ஜாடையும் இல்லாம ஒண்ணு எடுத்து வளப்போம். அதுல யாருக்கும் கூட இல்ல, குறைச்சல் இல்ல.”

எனக்குக் கண்ணு நிறைஞ்சிட்டு, ஆனா கோவமும் வந்துது. ஏன் தெரியுமா? வயித்துல வச்சு வளக்குற ஆசை என்னோடது, அவுகளோடது இல்ல. பத்து மாசமும் முழுசா சுமந்து பாக்கணும்னு இருக்குட்டி. ஜாடை எனக்குப் பெருசே இல்ல. அவுக நியாயம் வேற, என் ஆசை வேற. ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியல. இதை ஊர்ல யாருகிட்ட சொல்ல முடியும்? கொழுந்தன் பொண்டாட்டி வளைகாப்புல ஒரு ஆச்சி, ‘உனக்கு ஒண்ணும் விசேசம் இல்லையா தாயி’ன்னு கேட்டுட்டு என் கையில வளையலை மாட்டிவிட்டா. ஆசீர்வாதமாத்தான் செஞ்சா, கிழவியைக் குத்தம் சொல்ல முடியாது. அத்தை, திருக்கருகாவூர் நெய் வாங்கித் தாரேன், நாப்பத்தெட்டு நாள் சாப்பிடுங்குறாவ. சாப்பிடுதேன்னுட்டேன். அவுக மனசுக்கு அது ஒரு பிடி.

தத்து எடுக்குறதுக்கும் வயசுக் கணக்கு இருக்கு, இது எனக்கு இப்பத்தான் தெரியும். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேர் வயசையும் கூட்டுதான். 85-க்குள்ள இருந்தாத்தான் ரெண்டு வயசுக்கு உட்பட்ட குழந்தை. 90-க்குள்ளன்னா ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும். அதுக்கு மேல போனா நாலுக்கு மேற்பட்ட பிள்ளைக. எனக்கு 43, அவுகளுக்கு 47. கூட்டிப் பாரு, சரியா கோட்டு மேல நிக்கோம். பதிவு பண்ணுற தேதியில என்ன வயசோ அதுதான் கணக்கு. கார்த்திகையில அவுகளுக்கு 48 ஆயிரும். அதுக்குள்ள முடிவு எடுத்தாகணும்.

ரெண்டையும் ஒண்ணா நடத்தலாமேன்னு தங்கச்சி சொல்லுதா. இங்க ஊசி, அங்க பதிவு. எனக்கு அது பிடிக்கல. இது நடக்கலன்னா நீ வான்னு ஒரு பிள்ளையை வரிசையில நிக்க வைக்கதுக்கா நாம போறோம்? பதிவு பண்ணினா அந்தப் பிள்ளைக்காகவே இருக்கணும்னு நினைக்கேன். நீ இதைப் பிடிவாதம்னு சொல்லுவ, சொல்லு.

ஆவணியில தாம்பரத்துக்கு வாரேன். அந்தக் கருத்தரிப்பு மையத்தோட சம்பந்தமில்லாத வேற ஒரு டாக்டரைப் பாக்கணும். எனக்கு இப்போ பிரஷர் மாத்திரை ஓடுது. இந்த வயசுல, இந்தப் பிரஷரோட, தான முட்டையில சுமந்தா எனக்கு என்ன ஆகும்னு மட்டுந்தான் கேக்கப் போறேன். கரு திரும்பத் திரும்பக் கலைஞ்சா ரத்தத்துல பாக்குற பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் டெஸ்டும் தைராய்டும் இங்கயே பாத்தாச்சு, சீட்டெல்லாம் கொண்டு வாரேன். சுமக்கலாம்னு சொல்லிட்டான்னா அவுககூட இன்னொரு சண்டை போட்டுப் பாப்பேன். வேண்டாம்னு சொன்னா அன்னைக்கு ராத்திரியே உன் வீட்டுக் கம்ப்யூட்டர்ல உக்காந்து பதிவு பண்ணிருவோம். ஆதார், கல்யாணச் சான்று, வருமானச் சான்று எல்லாம் ஒரு பையில போட்டு வச்சிட்டேன்.

உனக்கு ஒரு வேலை. எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில கருத்தரிப்பு மையம் வைக்கப் போறதா 2023-ல சட்டசபையில அறிவிச்சாவ. உனக்கு மின்சார ரயில்ல ஒரு எட்டுதான். தான முட்டைக்கு அங்க வழி உண்டான்னு நேர்ல போய்க் கேட்டுட்டு வா. போன்ல கேட்டா ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டான். ஆறுதல் எதுவும் எழுதி அனுப்பாத, அது இங்க நிறையக் கெடக்கு. நான் சொன்ன கணக்குல ஓட்டை இருந்தா அதைச் சொல்லு.

அத்தைக்கு இது எதுவும் தெரியாது. நீ கூப்பிடும்போது அவுக எடுத்தா முட்டு வலியைப் பத்தி மட்டும் பேசு, ஒரு மணி நேரம் ஓடும். அப்பாவுக்கு அப்பளம் ரெண்டு கட்டு அனுப்புதேன், உப்பு குறைச்சுப் போடச் சொல்லி வாங்கினது.

உன்
காந்தி